ஆவாரங்குடிக்கு வந்த மேம்பாலம்

விளையாட்டுக்குள்ளிருந்து பேச்சிக்கனியின் குரல் முதன்முதலாகக் கேட்டபோது, பேச்சிக்கனி அந்த விளையாட்டுக்கு வெளியே, செய்யதலியின் மொபைல் கடை வாசலில், போனுக்கு ரீசார்ஜ் போடுவதற்காக நின்றுகொண்டிருந்தாள். மத்தியான வெயிலில் கடைத்தெரு காலியாகக் கிடந்தது. கிழக்குத் தெருக்களின் தறிகள் எப்போதும் போலத் தடதடத்துக்கொண்டிருந்தன. செய்யதலி, ஆள் வராத நேரங்களில் வழக்கமாகச் செய்வதைப் போல, கடையின் பழைய கம்ப்யூட்டரில் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டில் யாரோ செய்து அனுப்பிய விளையாட்டு அது. ஆடுகிறவர் அவசர உதவி எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும், அழுகிறவரை அழ விடாமல் விவரம் கேட்க வேண்டும், போலீஸையோ ஆம்புலன்ஸையோ தீயணைப்பு வண்டியையோ அனுப்ப வேண்டும். உலகத்தின் எந்த ஊர் வரைபடத்தையும் அதற்குள் இறக்கிக்கொள்ளலாம் என்பதால், தறி ஓட்டுகிற பிள்ளைகள் முதலில் லண்டனைக் காப்பாற்றிப் பார்த்து, பிறகு துபாயைக் காப்பாற்றிப் பார்த்து, கடைசியில் சலித்துப்போய் ஆவாரங்குடியையே இறக்கியிருந்தார்கள். அப்போதும் அதில் பேசுகிறவர்கள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். மேட்டுத்தெருவில் திருடன் புகுந்துவிட்டதாக ஒரு வெள்ளைக்காரன் பதறுவதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே சிலர் ஆடினார்கள்.

அன்றைக்கு வந்த அழைப்பு அப்படி இல்லை.

“சார், ஆவாரங்குடி கிழக்கு, தண்ணி டேங்குக்குப் பின்னாடி சந்து. எங்க வீட்டுக்காரரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. கூப்பிட்டா பேச மாட்டேங்காரு சார், வேர்த்து ஊத்துது. கேட்டு போட்டுருவான் சார், அதுக்குள்ள வந்துருங்க.”

பேச்சிக்கனி கடைக்குள் எட்டிப் பார்த்தாள். “யாரு செய்யதண்ணே இவ, என்னைய மாதிரியே பேசுதா?”

“அதான் எனக்கும் பிடிபடல. நீ சும்மாதான நிக்கே?”

“சும்மாதான் நிக்கேன்.”

செய்யதலி ஆம்புலன்ஸை அனுப்பினான். அது மேற்கே அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ரயில்வே கேட்டுக்கு வந்தது, கேட் மூடியது, புள்ளி அங்கேயே நின்றது. குரல் கெஞ்சிக்கொண்டே இருந்து, ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுந்துபோனது. திரையில் ஒரு வரி இங்கிலீஷில் வந்தது. அழைத்தவரின் கணவர் இறந்துவிட்டார் என்று அது சொன்னது. செய்யதலி சட்டென்று கையை விரித்துத் திரையை மூடினான், ஆனால் பேச்சிக்கனி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், அவனுடைய விரல் இடுக்குகளில் அந்த வரியைப் படிக்க அவளுக்கு அந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது.

ரயில் பாதை ஆவாரங்குடியை இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், தீயணைப்பு நிலையம், தாலுகா ஆபீஸ் எல்லாம் மேற்கே. தறிகளும் அவற்றை ஓட்டுகிற ஜனங்களும் கிழக்கே. நடுவில் ஒரு கேட். கேட்டுக்கு மேலே பாலம் கட்டுவதற்கு என்றைக்கோ ஊன்றிய தூண்கள் இருபுறமும் நின்றன, வழக்கில் வேலை நின்றுபோய், உச்சியில் கம்பிகள் துருவேறி விரிந்து, தலைவாராத பெண்களைப் போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. அவற்றில் கல்யாண போஸ்டரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, கனத்து, மழைக்காலத்தில் தோல் போல உரிந்து விழும்.

அந்த வாரத்துக்குள் விளையாடுகிற எல்லாருக்கும் பேச்சிக்கனியின் அழைப்பு வந்துவிட்டது. குரல் எப்படி உள்ளே போனது என்று ஊரில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நைட்டி தைக்கிறவள், மிஷினை மிதித்துக்கொண்டே நாள் முழுவதும் அக்காவோடு போனில் பேசுகிறவள், பேசியதில் கொஞ்சம் எங்காவது தங்கித்தானே போகும் என்று சொன்னார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. குருவையாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குருவையா பேச்சிக்கனியின் புருஷன், தறிக்காரன், ஊரிலேயே உரக்கச் சிரிக்கிறவன். தறிச் சத்தத்துக்கு மேலே சிரித்துச் சிரித்து வந்த தொண்டை அது. அவனை முதலாளி நூல் சுற்றிய கனமான பாவுக் கட்டைகளைத் தூக்க விடவில்லை. டீக்கடையில் அவனுக்கு மட்டும் சீனி போடாத டீ வந்தது. சந்தையில் யாராவது அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு கூடவே வீடுவரை நடந்தார்கள். புரோட்டாக் கடைக்கு அவன் போனால் மாஸ்டர் கல்லிலிருந்து தலை நிமிராமல், “உங்களுக்கு மட்டும் இட்லி அண்ணாச்சி” என்றார்.

“என்னவே இது, சாகப்போறவன் கேட்டா எதையும் கொடுப்பாங்க, எனக்கு இருக்கிறதையும் பிடுங்குதீய? உங்க விளையாட்டுல தேதி ஏதும் போட்டிருக்கா, சொல்லுங்க, அதுக்கு மொத நாளு வந்து சால்னா குடிச்சுக்கிடுதேன்.”

தேதி போட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். கோடுகள் ஒழுங்காக இருந்தன. “விளையாட்டுல கேட்டதுக்கெல்லாம் நான் மருந்து எழுத முடியாதும்மா” என்றார் டாக்டரம்மா, ஆனாலும் குருவையாவின் கையை விட்டபின் அவர் கொஞ்சநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பியும் அந்த விளையாட்டை ஆடுகிறவன்.

பேச்சிக்கனி புருஷனைக் கூட்டிக்கொண்டு பாதைக்கு மேற்கே, ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில், அக்கா வீட்டு மாடியில் குடியேறினாள். அவள் அங்கே பால் காய்ச்சிய நாளிலேயே விளையாட்டுக்குள்ளிருந்த குரல் முகவரியை மாற்றிக்கொண்டது. அக்கா வீட்டு மாடி, பச்சை கேட், சீக்கிரம் வாங்க சார் என்று அது அழுதது. ஆம்புலன்ஸோ எப்போதும் கிழக்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றப் போயிருந்து, திரும்பும் வழியில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. மறுபடி தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் தண்ணி டேங்குச் சந்துக்கே திரும்பினார்கள். குருவையா வண்டியின் பின்னால் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தெருக்காரர்களுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தான். பேச்சிக்கனி தையல் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வந்தாள்.

ஊர் அந்த அழைப்பை ஜெயிப்பதற்கு என்னென்னவோ செய்து பார்த்தது. போலீஸ் ஜீப்பை முன்னால் அனுப்பினார்கள். அது கேட்டில் நின்றது. தீயணைப்பு வண்டியை வைத்துக் கேட்டை உடைக்கப் பார்த்தார்கள். விளையாட்டு அதற்குச் சம்மதிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கிற ஜெபசீலி, பூட்டிய கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிற விளையாட்டுகளில் கெட்டிக்காரி. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு செய்யதலி கடையில் வந்து உட்கார்ந்து, விளையாட்டுக்குள்ளிருந்த சிக்னல் அறைக்குள் எப்படியோ புகுந்து, கேட்டைத் திறந்தேவிட்டாள். கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெள்ளைப் புள்ளி தண்டவாளத்தில் ஏறியது. வடக்கேயிருந்து வந்த ரயில் அதன்மேல் ஏறிப் போனது. ஜெபசீலி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் அந்த மாதிரி விளையாட்டு எதையும் ஆடவில்லை.

ஆடுகிறவர்கள் கருத்து எழுதுவதற்கு விளையாட்டின் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நட்சத்திரம் கொடுத்துவிட்டு எழுத வேண்டும். கூப்பிட்டதும் போலீஸ் வந்துவிடுகிறது, நம்பும்படியாக இல்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். தீயணைப்பு வண்டியின் சைரன் அருமை, ஆனால் திருப்பங்களில் வண்டி மிதக்கிறது என்று இன்னொருவன். தீயணைப்புக்காரர்கள் பூட்டு உடைக்கிற பகுதி குழந்தைகளுக்கானது, சவாலே கிடையாது என்று பின்லாந்திலிருந்து ஒருவன். அவற்றுக்கு நடுவே, ஊரிலேயே யாரோ பெயர் போடாமல் எழுதிய ஒன்று இருந்தது: “பேச்சியக்கா அழைப்பை மட்டும் ஜெயிக்கவே முடியவில்லை. மற்றபடி நல்ல பொழுதுபோக்கு.” பேச்சிக்கனி அதை வாசித்தாள். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய், பாதியில் விட்ட நைட்டிக்குக் கை வைத்துத் தைத்தாள், இரண்டு கையையும் ஒரே பக்கத்தில்.

கருத்து எழுதும் இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது என்ன இடம் என்று புரிந்துகொண்டவர் கோமதிநாயகம். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். மேம்பாலத்துக்காக அவர் எழுதிய மனுக்களை அடுக்கினால் அதுவே ஒரு தூண் உயரம் வரும் என்று சொல்வார்கள். கருத்து என்றாலும் மனு என்றாலும், கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்கு எழுதுவதுதானே என்று அவர் நினைத்தார்.

“பெறுநர், உயர்திரு விளையாட்டு தயாரிப்பாளர் அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: ஆவாரங்குடி ரயில்வே கேட்டில் மேம்பாலம் அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.”

எத்தனை நட்சத்திரம் கொடுப்பது என்பதில் கடைத்தெருவே இரண்டுபட்டது. “அஞ்சு குடும்யா. கேக்கப் போற இடத்துல வெறுங்கையோட போவியளா?” என்றார்கள் ஒரு சாரார். “அஞ்சு கொடுத்தா ஊரு நல்லாத்தான் இருக்குன்னு கோப்ப மூடிருவான். ஒண்ணு குடும், பயப்படட்டும்” என்றார்கள் மறு சாரார். கோமதிநாயகம் யோசித்து, ஐந்தே கொடுத்தார். மரியாதைக் குறைவாக எழுதிய மனு எதுவும் மேசை மாறியதில்லை என்பது அவர் அனுபவம். அவருக்குக் கீழே ஊர் முழுக்கத் தங்கள் தங்கள் போனிலிருந்து ஐந்து நட்சத்திரம் போட்டு, மேற்படி மனுவை வழிமொழிகிறேன் என்று எழுதியது. தறி முதலாளிகள் எழுதினார்கள், தறி ஓட்டுகிறவர்கள் எழுதினார்கள், ஜமாத்திலும் சபையிலும் எழுதச் சொன்னார்கள், கேட் கீப்பரும் எழுதினார், குருவையாவும் எழுதினான். அவன் மட்டும் கடைசியில், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தான்.

பதில் வந்தது. ஜெபசீலி அதைத் தமிழில் சொன்னாள். “உங்க கருத்துக்கு நன்றி. ஆடுறவங்க குரலுக்கு நாங்க மதிப்புக் கொடுக்கோம். அடுத்த தடவ விளையாட்ட மாத்தும்போது இத கவனத்துல எடுத்துக்கிடுதோம்.” கோமதிநாயகம் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஆயுள் முழுக்க எழுதியதில் அவருக்கு ரசீதுதான் வந்திருக்கிறது, பதில் வந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “நன்றின்னு போட்டிருக்கானாம்மா? அவன்லா மனுசன்.”

பிறகு ஒருநாள் விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. செய்யதலி கடைக்கு வெளியே பெரிய டிவி வைத்து, ஒயரை இழுத்து, ஊர் பார்க்க ஆடினான். வரைபடத்தில் கேட் இருந்த இடத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பாலம் வளைந்து கிடந்தது. அழைப்பு வந்தது, பேச்சிக்கனியின் குரல் அழுதது, வெள்ளைப் புள்ளி கிளம்பி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பாலத்தில் ஏறி, கீழே ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே கிழக்கே இறங்கி, தண்ணி டேங்குச் சந்துக்குள் நுழைந்தது. ஒருபோதும் சொல்லாத ஒன்றை அந்தக் குரல் அன்றைக்குச் சொன்னது.

“வந்துட்டாங்க. ஏங்க, வந்துட்டாங்க.”

வேட்டு போட்டார்கள். லட்டு கொடுத்தார்கள். குருவையாவுக்கு மாலை போட்டு ஆட்டோவில் ஏற்றிச் சுற்றி வந்தார்கள். அவன் மாலையை ஆட்டோவுக்குப் போட்டான். புரோட்டா மாஸ்டர் அவனுக்கு வாளியோடு சால்னா அனுப்பினார். மேம்பாலம் கண்ட நாயகன் என்று வார்டு கவுன்சிலர் தன் படத்தைப் போட்டு பேனர் அடித்து, அதைக் கேட்டுக்குப் பக்கத்தில், பாதியில் நின்ற தூண்களிலேயே இழுத்துக் கட்டினார். பாலம் கேட்டு ஊரில் பல வருஷமாக இருந்த மேம்பாலப் போராட்டக் குழு கடைசியாகக் கூடி, கோரிக்கை நிறைவேறிவிட்டதால் குழுவைக் கலைப்பதென்று தீர்மானம் போட்டு, மிச்சமிருந்த நாற்காலிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஆவாரங்குடியிலிருந்து பாலத்துக்காக ஒரு மனுவும் போகவில்லை.

பேச்சிக்கனி ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கோமதிநாயகத்தின் முன்னால் நின்றாள்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. பாலம் எங்க இருக்கு?”

“எங்க இருக்குன்னா? அதான் வந்துருச்சுல்லா தாயி.”

“நான் இப்பத்தான் கேட்டுல நின்னுட்டு வாரேன். வெயில்ல, ரொம்ப நேரம்.”

கோமதிநாயகம் அவளை அன்போடு பார்த்தார். சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறவர்களைப் பார்க்கிற பார்வை. “உனக்கு இன்னும் பயம் தெளியல. போயி நிம்மதியா படு. எத்தன தடவ ஆடினாலும் இனிமே பொழச்சுக்கிடுதாரு உம் புருஷன். நானே ஆடிப் பாத்தேன், எனக்கே வந்துட்டாங்க.”

அவள் எல்லாரிடமும் கேட்டாள். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒரு ஊரே உன்னைப் பார்த்துக் கவலைப்படாதே என்று சொல்லும்போது, ஒற்றையாளாகக் கவலைப்படுவது கொஞ்சம் திமிரைப் போலத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. அவளும் ஒருநாள் அக்காவிடம் போனில், பாலம் வந்துட்டுக்கா என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு மிஷினை மிதிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

குருவையா விழுந்தது ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. ஒரு கை சட்டைக்குள்ளேயே இருந்தது. பேச்சிக்கனி போனை எடுத்தாள். அந்த நாள் வந்தால் அந்த வார்த்தைகளைச் சொல்லவே கூடாது, வேறு வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஆனால் பயத்திடம் வேறு வார்த்தைகள் இருக்கவில்லை. தண்ணி டேங்குக்குப் பின்னாடி சந்து, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு, பேச மாட்டேங்காரு சார், கேட்டு போட்டுருவான் சார் என்று, ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்ட அதை அவள் சொல்லச் சொல்ல, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சந்தில் வந்து கூடிய பெண்களின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. மறுமுனையில் இருந்த ஒருவர் மட்டும் அதை முதன்முறையாகக் கேட்டார். பக்கத்தில் அடையாளம் ஏதும் உண்டா அம்மா என்று நிதானமாகக் கேட்டார்.

செய்யதலி ஒரு ஆட்டோவை மறித்துக் கொண்டுவந்தான். குருவையாவைத் தூக்கிப் பின்னால் கிடத்தி, தலையைப் பேச்சிக்கனியின் மடியில் வைத்து, ஆம்புலன்ஸை வழியிலேயே எதிர்கொள்ள ஓட்டினார்கள். கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது, நகராமல், தலையும் வாலும் தெரியாமல். பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கம் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றுவது தெரிந்தது. அவ்வளவு பக்கம். டிரைவரின் முகத்தில் ஒரு மரு இருந்தது, அதுகூடத் தெரிந்தது. வண்டியிலிருந்த மருத்துவ உதவியாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டிக்கு அடியில் தவழ்ந்து வரப் பார்த்தார். பெட்டிகள் ஒருமுறை குலுங்கின. இருபக்கத்துக் கூட்டமும் அலறியது. அவர் பின்னால் போய்விட்டார். பெட்டிகள் அந்தக் குலுக்கலோடு மறுபடி நின்றுவிட்டன.

“எங் கையில இல்லையே, சிக்னல் எங் கையில இல்லையே” என்று கேட் கீப்பர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒரு வேலையாகக் கிழக்கே வந்திருந்த கோமதிநாயகம் மூச்சிரைக்க வந்து செய்யதலியின் தோளை உலுக்கினார். “ஆடு செய்யது. போன்ல போடு. அதுல வருதான்னு பாரு.”

அதைக் கேட்டு யாரும் அவரை ஏசவில்லை. செய்யதலி விளையாட்டைத் திறந்தான், திறந்ததும் அழைப்பு வந்தது. எடுத்தான். அனுப்பினான். “கிளம்பிட்டு” என்றான். “பஸ் ஸ்டாண்ட் தாண்டிட்டு. பாலத்துல ஏறுது.” அப்போது கேட்டின் கிழக்குப் பக்கம் நின்ற அத்தனை பேரும், தங்களை அறியாமல், தலையை உயர்த்திச் சரக்கு ரயிலுக்கு மேலே பார்த்தார்கள், இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவே. அங்கே வானம் இருந்தது. ஒரு பருந்து இருந்தது.

“எறங்குது” என்றான் செய்யதலி. “எறங்கிட்டு.”

“வந்துட்டாங்க” என்றது போனிலிருந்து பேச்சிக்கனியின் குரல். “ஏங்க, வந்துட்டாங்க.”

ஆட்டோவுக்குள் பேச்சிக்கனி குனிந்து பார்த்தாள். குருவையாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ வேடிக்கையாகச் சொல்வதற்கு முன்னால் திறந்து வைத்துக்கொள்வானே, அப்படி. அவள் அவனுடைய இன்னொரு கையையும் சட்டைக்குள் நுழைத்து, பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

ரயில் நகர்ந்து தீர வெகுநேரம் ஆனது. கேட் திறந்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவ உதவியாளர் ஆட்டோவுக்குள் குனிந்து, கழுத்தில் விரல் வைத்து, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நிமிர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் செய்யதலியின் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வந்துட்டாங்க என்பதோடு நின்றுவிடும் அழைப்பு இன்றைக்கு நிற்கவில்லை.

“ஊசி போட்டாங்க சார். கண்ண முழிச்சுட்டாரு. எந்திரிச்சு உக்காருதாரு சார், வேண்டாம்னா கேக்க மாட்டேங்காரு…”

செய்யதலி திரையை அழுத்தினான், மறுபடி அழுத்தினான், போனை நெஞ்சோடு பொத்தினான். பொத்திய கைகளுக்குள்ளிருந்தும் அது கேட்டது. “வைக்க முடியல பேச்சி. ஆம்புலன்ஸ் போய்ச் சேந்துட்டுன்னா நாம வைக்க முடியாது. கூப்பிட்டவதான் வைக்கணும்.” அவன் அழுதுகொண்டிருந்தான். “கல்லுல போட்டு ஒடச்சிருதேன்.” தண்டவாளத்தை நோக்கிக் கையை ஓங்கினான்.

“ஒடைக்காதிய” என்றாள் பேச்சிக்கனி.

ஆட்டோவிலிருந்து கையை நீட்டி அவள் போனை வாங்கினாள். மடியில் கிடந்த தலையை அசைக்காமல் அதைக் காதோடு வைத்துக்கொண்டாள். சைரனை நிறுத்தியிருந்தார்கள்.

“இருங்க” என்றாள். “அவரு ஏதோ கேக்காராம். என்னன்னு அவ சொல்லுதா.”